"இங்கே வா": தோட்டத்தில் நடந்த முதல் மொழி வகுப்பு

கெம்பஸ் தொடங்கின முதல் கிழமையே எங்கள் பெச்சுக்கு இன்டென்சிவ் இங்கிலீஷ் வகுப்பு வைத்தார்கள். விரிவுரைகள் தொடங்குவதற்கு முன்னால், காலையிலிருந்து பின்னேரம் வரை ஆங்கிலம் மட்டும். அறிவித்தல் பலகையில் அதற்குத் தமிழில் "தீவிர ஆங்கிலப் பயிற்சி" என்று போட்டிருந்தது. பக்கத்தில் நின்ற மன்னார் நண்பன், "தீவிர சிகிச்சைப் பிரிவு மாதிரி இருக்கு, உயிரோட வெளிய வருவமா?" என்று கேட்டான். சிரித்தோம். ஆனாலும் எல்லாருக்கும் வயிற்றில் கொஞ்சம் புளி கரைந்துகொண்டுதான் இருந்தது.

முதல் பாடம், ஒருவரிடம் ஒன்றைப் பணிவாகக் கேட்பது எப்படி. "குட் யூ ப்ளீஸ்", "வுட் யூ மைண்ட்", "மே ஐ". இரண்டு இரண்டு பேராக நின்று ஆளுக்கு ஆள் பேனை கேட்டோம், ஜன்னலைத் திறக்கச் சொல்லிக் கேட்டோம். மூன்று நாளும் இதுதான்.

லீவுக்கு வீட்டுக்குப் போனபோது இதை அப்பாயிக்குச் செய்து காட்டினேன். எங்கள் வீடு கேகாலை மாவட்டத்தில், தெரணியகலைப் பக்கம் ஒரு தோட்டம். மேலே தேயிலை, கீழே ரப்பர். அப்பாயி ரப்பர் பால் வெட்டின ஆள், வெள்ளைக்காரத் துரையைக் கண்ணால் பார்த்த கடைசித் தலைமுறை. நான் செய்ததைப் பார்த்துவிட்டு, "இங்கிலீசு படிக்க இம்புட்டு மரியாதியா? சின்னத்தொரை தமிழு படிச்சப்ப மொதல்ல படிச்சது வா, போ, வெட்டு, அவ்வளவுதான்" என்றா. யார் படிச்சுக் குடுத்தது என்று கேட்டேன். "நாங்கதான். வேற யாரு?"

தோட்டத்தில் மொழி வகுப்பு ஒன்று முதலிலேயே நடந்திருக்கிறது, அதில் வாத்தியார் நாங்கள், மாணவர் துரை. இது எனக்கு அதுவரை தோன்றவே இல்லை. கெம்பஸுக்குத் திரும்பிப் போய் நூலகத்தில் தேடத் தொடங்கினேன்.

தோட்டத்துக்கு வேலை பழக வந்த இளம் வெள்ளைக்காரரை அவர்களுடைய பாஷையில் "கிரீப்பர்" என்பார்கள். படர்கொடி என்று பொருள். பெரிய துரையைப் பற்றிக்கொண்டு தொழில் பழகுகிறவர். எங்கள் ஆட்களுக்கு அவர் சின்னத்துரை. கப்பலில் இறங்கி தோட்டத்துக்கு வந்த கையோடு அவர் செய்யவேண்டிய வேலைகளில் ஒன்று தமிழ் படிப்பது. தமிழ் வராமல் பெரட்டுக் களத்தில் நின்று என்ன செய்வது? கங்காணியின் வாயைப் பார்த்துக்கொண்டுதான் நிற்கவேண்டும். கங்காணி சொல்வது சரியா பிழையா என்று தெரியாது, ஆள் கணக்கில் விளையாடினாலும் தெரியாது. ஆகவே தமிழ் அவருக்கு ஓர் ஆசையில்லை, நிர்வாகக் கருவி.

இதற்காகவே கைநூல்கள் அச்சாகின. அதில் பேர்போன ஒன்றின் தலைப்பே "இங்கே வா". ஆங்கில எழுத்தில் அப்படியே தமிழ்ச் சொல். அதற்குக் கீழே, சின்னத்துரைக்கான சட்டைப்பைத் தமிழ் வழிகாட்டி என்று பொருள்படும் ஒரு விளக்கம். இன்னொன்று 1915ல் டபிள்யூ. ஜி. பி. வெல்ஸ் என்பவர் எழுதியது. அதன் பெயர் "கூலி டமில்". தேயிலை, ரப்பர் தோட்டத் தொழிலாளர்கள் விளங்கிக்கொள்ளும் தமிழ் என்று அதற்கு உபதலைப்பு. கம்பன் தமிழ் வேண்டாம், யாழ்ப்பாணத்துப் பண்டிதர் தமிழும் வேண்டாம், காட்டில் வேலை வாங்குகிற தமிழ் போதும். அந்தத் தெளிவுக்காகவாவது பாராட்டவேண்டும்.

ஆனால் தலைப்பைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். "இங்கே வா". "இங்கே வாங்க" இல்லை. தமிழில் மரியாதை சொல்லின் வாலில் இருக்கிறது. அந்த வாலை வெட்டிவிட்டால் மிச்சம் ஏவல் மட்டும்தான். ஆங்கிலத்தில் "கம் ஹியர்" என்று நண்பனுக்கும் சொல்லலாம், நாய்க்குட்டிக்கும் சொல்லலாம், தொனிதான் வித்தியாசம். தமிழில் அப்படி இல்லை. எழுபது வயதுக் கிழவரை இருபத்தொரு வயதுச் சின்னத்துரை "இங்கே வா" என்று கூப்பிட்டால், அந்த ஓர் எழுத்திலேயே யார் யாருக்கு எங்கே என்பது முடிந்துவிடுகிறது. கிழவர் திருப்பிச் சொன்னது "வர்றேங்க தொரை". ஆக, தோட்டத்தில் தமிழ் இரண்டாக ஓடியது. மேலிருந்து கீழே இறங்கும்போது வால் இல்லாத தமிழ், கீழிருந்து மேலே போகும்போது நீண்ட வால் உள்ள தமிழ். சின்னத்துரை படித்தது முதல் பாதி மட்டும். இரண்டாவது பாதி அவருக்குக் காது பழகினால் போதும், வாய் பழகத் தேவையில்லை.

நியாயமாக ஒன்றும் சொல்லவேண்டும். எல்லாத் துரையும் ஒரே அச்சில் வார்த்தவர்கள் இல்லை. 1936ல் ஆஸ்திரேலியாவிலிருந்து மடுல்கலைப் பக்கம் ரெலுகாஸ் தோட்டத்துக்குக் கிரீப்பராக வந்த மார்க் அந்தனி பிரேஸ்கேர்டில், தொழிலாளர் பக்கம் நின்றதால் வேலையை இழந்தார். பிறகு லங்கா சமசமாஜக் கட்சியில் சேர்ந்து மேடையேறினார். 1937ல் அவரை நாடுகடத்தச் சொல்லி ஆளுநர் ஸ்டப்ஸ் கட்டளை போட, உயர் நீதிமன்றம் அந்தக் கட்டளை செல்லாது என்றது. அதே கட்சியின் என்.எம். பெரேராதான் அப்போது எங்கள் ருவான்வெல்லத் தொகுதிக்கு அரசுப் பேரவை உறுப்பினர். ஒரு வெள்ளைக்காரர் துரைமாருக்கு எதிராகப் பேசினார் என்பதற்கே அரசாங்கம் இவ்வளவு பதறியது. பேச வேண்டிய திசை எது என்பது அவ்வளவு உறுதியாகத் தீர்மானிக்கப்பட்டிருந்த காலம்.

சரி, துரை எங்கள் மொழியைப் படித்தார். நாங்கள் அவர் மொழியைப் படித்தோமா?

1920ஆம் ஆண்டு 1ஆம் இலக்கக் கல்விக் கட்டளைச் சட்டம், தோட்டத்தில் 6 முதல் 10 வயதுவரை உள்ள பிள்ளைகளுக்குப் படிப்புக் கொடுக்கும் பொறுப்பைத் தோட்ட நிர்வாகத்திடம் விட்டது. ஆறிலிருந்து பத்து. பத்துக்குப் பிறகு பிள்ளை கொழுந்துக்கோ புல்லுக்கோ போய்விடும் என்று சட்டமே ஏற்றுக்கொண்ட மாதிரி. படிப்பு என்பது தமிழில் கொஞ்சம் எழுத்து, கொஞ்சம் கணக்கு. ஒரு வாத்தியார், ஒரு கொட்டில், ஐந்து வகுப்பும் ஒன்றாக உட்காரும். படித்த பிள்ளை மலையில் நிற்காது என்ற பயம் தோட்டக்காரர்களுக்கு இருந்தது. பயம் பிழையென்றும் சொல்ல முடியாது. படித்தவர்கள் நிற்கவில்லைதான்.

ஆங்கிலம் தோட்டத்தில் இல்லாமல் இல்லை. அது ஆபீசில் இருந்தது. செக்ரோல் எழுதின கிளாக்கர் ஐயா, டீமேக்கர் ஐயா, கண்டாக்கையா, இவர்களோடு நின்றுவிட்டது. லயத்துக்கும் ஆபீசுக்கும் இடையில் நூறு யார் தூரம் இருக்கும். அந்த நூறு யாரை நடந்து வந்த ஆங்கிலம் துண்டு துண்டாக வந்தது, வரும்போது எங்கள் வாயில் உருமாறியது. "லைன்" லயம் ஆனது. "பரேட்" பெரட்டு ஆனது. "கொன்ட்ராக்ட்" கொந்தரப்பு ஆனது. "கண்டக்டர் ஐயா" கண்டாக்கையா ஆனார். அப்பாயிக்கு ஆங்கிலம் தெரியாது என்று நாங்கள் சொல்கிறோம். அவவின் ஒரு நாள் பேச்சில் பத்துப் பதினைந்து ஆங்கிலச் சொல் இருக்கும். எல்லாம் வேலைச் சொல், ஒன்றுகூடத் தான் ஆசைப்பட்ட பொருளுக்கான சொல் இல்லை.

எதிர்த் திசையிலும் சொற்கள் போயின. அரசாங்கத்தின் ஆங்கில அறிக்கைகளிலும் சட்டங்களிலும் "கங்காணி", "துண்டு" என்ற தமிழ்ச் சொற்கள் அப்படியே கிடக்கின்றன. துண்டு என்றால் விடுதலைச் சீட்டு. இன்ன கடனைக் கட்டினால் இந்த ஆட்களை விடுகிறேன் என்று ஒரு தோட்டம் எழுதிக் கொடுப்பது. கடனோடு சேர்த்து ஆளும் கைமாறும். 1921ல்தான் இதைச் சட்டத்தால் ஒழித்தார்கள். ஆங்கிலேயருக்கு மொழிபெயர்க்க முடியாமல் போன எங்கள் சொல் இது. அவர்கள் நாட்டில் அப்படி ஒரு சீட்டு தேவைப்படவில்லை போல.

இந்தச் சுவரைத் தாண்டி ஆங்கிலத்தை முழுசாக எடுத்துக்கொண்டவர்களும் உண்டு. தலவாக்கலை மடக்கும்புரைத் தோட்டத்தில் 1914ல் பிறந்த சி.வி. வேலுப்பிள்ளை ஆங்கிலத்திலேயே கவிதை எழுதினார். "இன் சிலோன்ஸ் டீ கார்டன்" 1954ல் வெளிவந்தது. 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் வென்ற ஏழு இடங்களில் ஒன்று அவருடையது. அந்த ஏழில் சப்ரகமுவவில் ஒன்றுகூட இல்லை என்பதையும் இங்கே குறித்துவைக்கலாம். சிங்களக் கிராமங்களுக்கு நடுவில் சிதறிக் கிடக்கும் தோட்டங்கள் எங்களுடையவை. நுவரெலியா மாதிரித் திரண்டு நிற்கிற எண்ணிக்கை எங்களுக்கு எப்போதுமே இருந்ததில்லை. மலையகம் என்று பேசும்போது எங்களை மறந்துவிடுவதும் அதனால்தான். (இந்த மனத்தாங்கலை வைத்து இன்னொரு கட்டுரை எழுதலாம்.)

1942ல் இலங்கைப் பல்கலைக்கழகம் தொடங்கியது, முழுக்க ஆங்கிலத்தில். 1945ல் கன்னங்கராவின் இலவசக் கல்வி வந்தது. தோட்டப் பள்ளிகள் அந்தத் தேசிய முறைக்கு வெளியிலேயே விடப்பட்டன. 1948ல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. அத்தோடு நாங்களும் வெளியே. 1964ல் சிறிமாவும் சாஸ்திரியும் உட்கார்ந்து 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று பிரித்தார்கள். அப்பாயியின் அண்ணன் குடும்பம் முதல் கணக்கில் போனது. தோட்டப் பள்ளிகளை அரசு பொறுப்பெடுக்கத் தொடங்கியது 1977க்குப் பிறகுதான். எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்கு உரிமை கொடுத்த சட்டங்கள் 1988லும் 2003லும் வந்தன. ஒரு பள்ளிக்கூடத்தின் வயதையும் ஒரு அடையாள அட்டையின் வயதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எங்கள் வீடுகளில் ஏன் நான் முதல் ஆள் என்பது புரியும்.

இதற்கிடையில் பல்கலைக்கழகத்துக்குள் வேறொரு கதை நடந்தது. 1956ல் சிங்களம் மட்டும் சட்டம். 1960 அளவில் கலைப்பீடங்கள் சிங்களத்திலும் தமிழிலும் படிப்பிக்கத் தொடங்கின. கிராமத்துப் பிள்ளைகள் முதன்முறையாக உள்ளே வந்தார்கள். பெரிய மாற்றம், அதைக் குறைத்துச் சொல்லக்கூடாது. நான் இன்று தமிழில் வரலாறு படிப்பதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் நூலகத்துப் புத்தகங்கள் ஆங்கிலத்திலேயே இருந்தன. வேலை கொடுக்கிறவர்களும் ஆங்கிலத்திலேயே இருந்தார்கள். ஆகவே ஆங்கிலத்தைத் தனியாகப் படிப்பிக்கப் பல்கலைக்கழகங்கள் உபதுறைகள் அமைத்தன. அங்கிருந்து வருவதுதான் இன்று நாங்கள் உட்காருகிற வகுப்பு.

சிங்கள மாணவர்கள் ஆங்கிலத்துக்கு வைத்த பெயர் "கடுவ". வாள். இங்கிலீஷ் பேசி ஒருவரை அடக்குவது என்றால் வாளால் வெட்டுவது. இந்தச் சொல்லை வைத்தே திரு கந்தையா 1984ல் ஒரு கட்டுரை எழுதினார். ஆங்கிலம் இந்த நாட்டில் தொடர்புக் கருவியாக மட்டுமல்ல, ஆயுதமாகவும் இருக்கிறது என்பது அதன் மையம். அதைப் படித்தபோது எனக்கு உறைத்த விஷயம் வேறு. வாளுக்குப் பெயர் வைத்தவர்கள் அவிசாவளை, மாத்தறை, அநுராதபுரத்துப் பிள்ளைகள். எங்களைப் போலவே வெட்டுப்பட்டவர்கள். எங்கள் வகுப்பின் கடைசி இரண்டு வரிசையில் உட்கார்ந்திருந்தது முழுக்க அவர்களும் நாங்களும்தான்.

உலகத்தில் "இன்டென்சிவ்" என்ற இந்த முறை எங்கே பிறந்தது என்றும் தேடினேன். 1941ல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம் சார்ல்ஸ் ஃப்ரைஸ் என்பவரின் கீழ் ஆங்கில மொழி நிறுவனம் ஒன்றைத் தொடங்கியது. லத்தீன் அமெரிக்காவிலிருந்து படிக்க வந்தவர்களுக்கு, பாடம் தொடங்குமுன் ஆங்கிலத்தை வாய்ப்பயிற்சியாக ஊட்டுவது. சொல், திரும்பச் சொல், இன்னொரு தரம் சொல். இரண்டு வருடத்தில், உலகப்போருக்காக அமெரிக்க இராணுவமும் இதேபோன்ற முறையில் தன் ஆட்களுக்கு வேற்று மொழிகளைப் படிப்பித்தது. இன்று வெளிநாட்டு மாணவர் ஒருவர் மெல்போனுக்கோ டொரண்டோவுக்கோ போனால் ஐஈஎல்டிஎஸ் புள்ளி போதாவிட்டால் இப்படியான வகுப்பில்தான் முதலில் உட்காரவேண்டும். அதில் ஒரு நியாயம் இருக்கிறது. வேறு நாட்டுக்குப் போகிறவர் அந்த நாட்டு மொழியைப் படிக்கிறார். சின்னத்துரைகூட அந்த நியாயத்துக்குள் வருவார், வந்த இடத்து மொழியைத்தானே படித்தார். நாங்கள்தான் எதற்குள்ளும் வரவில்லை. பிறந்த நாட்டில், சொந்த மொழியில் ஏ.எல் எழுதி, இஸட் ஸ்கோர் எடுத்து உள்ளே வந்த பிறகு, வெளிநாட்டு மாணவருக்கான வகுப்பில் உட்காருகிறோம்.

இதை நான் மிகைப்படுத்துகிறேன் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வரைபடம். இரத்தினபுரி மாவட்டத்திலேயே ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது. 1995ல் நிறுவப்பட்ட சப்ரகமுவ பல்கலைக்கழகம், பெலிஹுல்ஓயாவில், சமனலவெவ நீர்மின் திட்டத்துக்காகக் கட்டின கட்டடங்களில் தொடங்கியது. பலாங்கொடைத் தோட்டங்களிலிருந்து பஸ்ஸில் கொஞ்ச நேரம். ஆனால் தமிழில் கலைப்பாடம் படிக்க நினைக்கும் பலாங்கொடைப் பிள்ளை அதைத் தாண்டி பேராதனைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ வந்தாறுமூலைக்கோ ஒலுவிலுக்கோ போகவேண்டும். அந்த வளாகத்தின் பெரும்பாலான படிப்பு ஆங்கிலத்தில். வாசலில் இருக்கும் பல்கலைக்கழகத்துக்குள் போக முதலில் ஆங்கிலம் வேண்டும். அந்த ஆங்கிலத்தைப் படிப்பிக்க ஆசிரியர் தோட்டப் பள்ளியில் வேண்டும்.

எங்கள் பள்ளியில் ஓ.எல் வரைக்கும் ஆங்கிலத்துக்கு ஆசிரியர் வந்ததும் போனதுமாகவே இருந்தது. 2001ல் அரசுப் பள்ளிகளில் ஆங்கில மொழிமூலம் திரும்ப வந்தது என்று கல்வி வரலாற்றில் படிக்கிறோம். எங்கள் பக்கம் அது பேப்பர் செய்தி. ஏ.எல்லில் பொது ஆங்கிலம் என்று ஒரு தாள் உண்டு, அதில் என்ன புள்ளி எடுத்தாலும் இஸட் ஸ்கோரில் சேராது, ஆகவே யாரும் அதைப் படிப்பதில்லை. 1977, 1981, 1983 கலவரங்களில் இரத்தினபுரிப் பக்கம், இறக்குவானை, காவத்தை, என்று அடிபட்ட குடும்பங்கள் பல வவுனியாவுக்குப் போய்விட்டன. இருந்தவர்களில் நிறையப் பேர் பிள்ளைகளைப் பக்கத்துச் சிங்களப் பள்ளியில் சேர்த்தார்கள். என் சித்தப்பா மகள் அப்படித்தான் படித்தாள். அவள் இப்போது தமிழ் வாசிப்பது எழுத்துக்கூட்டித்தான். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

இதனால் எங்கள் தீவிர வகுப்பில் எனக்கு ஒரு விசித்திரமான வேலை கிடைத்தது. ஆங்கிலத்தில் விளங்காத இடத்தைப் போதனாசிரியர் சிங்களத்தில் விளக்குவார். நல்ல மனுஷி, கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, வகுப்பில் பாதிப் பேர் சிங்களம். மன்னார், யாழ்ப்பாணம், வாகரைப் பிள்ளைகளுக்கு அந்த விளக்கமும் விளங்காது. கேகாலைப் பிள்ளைக்குச் சிங்களம் கடையிலும் பஸ்ஸிலும் படித்தது, தண்ணீர் மாதிரி ஓடும். ஆகவே அவ ஆங்கிலத்தைச் சிங்களத்தில் சொல்ல, நான் சிங்களத்தைத் தமிழில் சொல்ல, மூன்று கை மாறி அந்த "வுட் யூ மைண்ட்" பின்வரிசைக்குப் போய்ச் சேர்ந்தது. யாழ்ப்பாணத்து நண்பி ஒருநாள் கேட்டா: "நீங்க மலையகத் தமிழ் தானே, எப்படி இவ்வளவு சிங்களம்?" நல்ல கேள்வி. சப்ரகமுவவில் உயிரோடு இருக்க அது தேவைப்பட்டது என்று சொல்ல வந்து, "பழகிட்டுது" என்று மட்டும் சொன்னேன்.

1980களின் கடைசியில் தொடங்கி, புதிதாகத் தெரிவான மாணவர்களுக்கு உள்ளே வருவதற்கு முன்பே அவரவர் ஊர்ப்பக்கம் ஆங்கிலம் படிப்பிக்கும் "ஜெல்ட்" என்ற திட்டம் நாடு முழுக்க நடந்தது. சோதனை முடிந்து கெம்பஸ் தொடங்கும்வரை வீட்டில் சும்மா இருக்கும் மாதங்களைப் பயன்படுத்தும் யோசனை. அந்த மாதங்கள் இப்போதும் அப்படியே கிடக்கின்றன. எங்கள் தோட்டத்தில் அந்த நேரத்தைக் கொழும்புத் துணிக்கடைகள் எடுத்துக்கொள்கின்றன. போனவர்களில் பாதிப் பேர் ரிசல்ட்ஸ் நல்லா வந்தாலும் திரும்புவதில்லை. முதல் மாதச் சம்பளம் வீட்டுக்குப் பழகிவிடும்.

அதனால் போன லீவில் நானும் அடுத்த டிவிஷனில் இருக்கும் ஒரு நண்பனும் கோயில் மண்டபத்தில் வகுப்பு ஒன்று தொடங்கினோம். ஒன்பது பேர் வந்தார்கள். முதல் நாள் "ப்ளீஸ்" படிப்பிக்கவில்லை. லயம், பெரட்டு, செக்ரோல், கொந்தரப்பு என்று பலகையில் எழுதி, இதில் எது இங்கிலீஷ் என்று கேட்டோம். எல்லாம் தமிழ் என்றார்கள். ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டினோம். அவர்கள் முகத்தைப் பார்க்கவேண்டும். பாதி இங்கிலீஷ் ஏற்கெனவே வீட்டில் கிடந்திருக்கிறது.

பிறகு ஒரு பிள்ளை கேட்டாள், "அண்ணே, நம்ம சொல்லு ஏதாச்சும் இங்கிலீசுக்குப் போயிருக்கா?" இருக்குது என்று கட்டுமரம் எழுதினான் நண்பன். நான் மிளகுத்தண்ணி எழுதினேன், துண்டு எழுதினேன். துண்டுக்கு விளக்கம் சொல்லி முடியவே பொழுது பட்டுவிட்டது. என்னைக் கூட்டிப்போக வந்து தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்த அப்பாயி எழும்பி, சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டு பலகையைப் பார்த்தா. அவவுக்கு வாசிக்கத் தெரியாது. நான் வாசித்துக் காட்டினேன்.

"'இங்கே வா'வ உட்டுட்டியே" என்றா.